பிட்காயின் அகழ்கருவி விற்பனையாளரின் நம்பகத்தன்மை

பிட்காயின் அகழ்கருவி என்பது பிட்காயின் வலையமைப்பின் பரிமாற்றங்களை உறுதிசெய்யும் கணிப்புகளைச் செய்து, அதற்கு ஈடாகப் புதிய நாணயங்களை ஈட்டுவதற்கென உருவாக்கப்பட்ட கணினி வன்பொருள் ஆகும். இதனை விற்க முன்வரும் புதிய நிறுவனம் ஒன்று நம்பத்தக்கதா என்று அறிவது பிற மின்னணுப் பொருட்களை வாங்குவது போன்றதன்று. நிறுவனம் உண்மையில் உள்ளதா என்பதோடு, கருவி எந்நாளில் கைக்கு வரும் என்பதும் இங்கு சம அளவு முக்கியமானது.

காலமும் கருவியின் மதிப்பும்

பிட்காயின் வலையமைப்பில் ஏறத்தாழ 10 நிமிடத்திற்கு ஒரு தொகுதி உருவாகிறது. அகழ்வோர் எத்தனை பேர் சேர்ந்தாலும் இவ்வேகம் மாறாதிருக்க, 2016 தொகுதிகளுக்கு ஒருமுறை, அதாவது சுமார் இரண்டு வாரத்திற்கு ஒருமுறை, கணிப்பின் கடினம் திருத்தப்படுகிறது. 2012 டிசம்பர் இறுதியில் சுமார் 30 இலட்சமாக இருந்த கடின அளவு 2013 டிசம்பர் இறுதியில் சுமார் 118 கோடியாக உயர்ந்தது. தொடக்கத்தில் நாளொன்றுக்கு ஒரு நாணயம் ஈட்டிய கருவி, ஆண்டிறுதியில் ஒரு நாணயம் ஈட்ட ஓராண்டுக்கு மேல் ஓட வேண்டியதாயிற்று. எனவே தாமதமாக வரும் கருவி, பழுதின்றி இயங்கினாலும், வாங்கியவருக்கு நட்டமே.

பட்டர்ஃபிளை லேப்ஸ்

ஐக்கிய அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தைச் சேர்ந்த இந்நிறுவனம், அகழ்வுக்கென்றே வடிக்கப்பட்ட சில்லுகளைக் கொண்ட கருவிகளுக்கு 2012 சூனில் முன்பதிவு பெறத் தொடங்கியது. விலை 149 முதல் 29,899 டாலர் வரை; முழுத்தொகையும் முன்கூட்டியே செலுத்தப்பட வேண்டும். 2013 செப்டம்பரில் 20,000க்கும் மேற்பட்டோர் பணம் கட்டியும் கருவி பெறாதிருந்தனர் என்று அந்நாட்டின் கூட்டரசு வணிக ஆணையம் தெரிவித்தது. வாடிக்கையாளர்களின் கருவிகளை அனுப்பும் முன் நிறுவனம் தனக்காக அகழப் பயன்படுத்தியதாகவும் ஆணையம் குற்றஞ்சாட்டியது. 2014 செப்டம்பரில் நீதிமன்ற ஆணையால் நிறுவனம் தற்காலிகமாக மூடப்பட்டது.

இந்நிறுவனத்திற்கு முகவரி இருந்தது, பணியாளர் இருந்தனர், கருவிகளும் ஓரளவு அனுப்பப்பட்டன. பதிவுச் சான்றும் அலுவலகப் படமும் மட்டும் போதா என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. 2016 பிப்ரவரியில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, 30 நாட்களுக்குள் அனுப்பக்கூடிய நிலையில் இல்லாத அகழ்கருவிகளுக்கு முன்பணம் பெற அந்நிறுவனம் தடைசெய்யப்பட்டது. வாங்குவோரும் இந்த 30 நாளை ஓர் அளவுகோலாகக் கொள்ளலாம்.

முன்பதிவு

முன்பதிவு பெறுவோர் அனைவரும் ஏமாற்றுவோர் அல்லர். சில்லு வடிக்கப் பெருந்தொகை தேவைப்படுவதால் தொடக்க நிறுவனங்கள் வாடிக்கையாளர் பணத்தையே முதலாகக் கொண்டன. இம்முறையில் 2012இல் பதிவு பெற்ற அவலான் 2013 சனவரியில் முதற் கருவிகளை அனுப்பியது. மறுபுறம், டெக்சாசின் காயின்டெர்ரா 2 டெராஹாஷ் வேகம் அறிவித்து அதற்குக் குறைவான கருவிகளையே, அதுவும் தாமதமாக, வழங்கி, 2015 சனவரியில் நொடித்துப்போனது.

ஆகவே விற்பனையாளரிடம் முதலில் கேட்கத்தக்கது சில்லு எந்நிலையில் உள்ளது என்பதே. வடிவமைப்பு உற்பத்தியாலைக்குச் சென்றபின் முதல் மாதிரிகள் வர வழக்கமாகச் சில மாதங்கள் ஆகும். வடிவமைப்பே முடியாத நிலையில் அடுத்த மாதம் அனுப்புவதாகச் சொல்வது நடவாத செயல். கணினியில் வரைந்த படங்கள் சான்றாகா. நிறுவனத்தைச் சாராத ஒருவர் கருவியை இயக்கி, வேகத்தையும் மின்நுகர்வையும் அளந்து காட்டியிருக்க வேண்டும். வேகத்தை மட்டும் கூறி மின்நுகர்வை மழுப்பும் விளம்பரத்தை ஐயத்துடனேயே நோக்க வேண்டும்.

பணம் செலுத்தலும் மீளளிப்பும்

பிட்காயினில் செலுத்திய தொகையைத் திரும்பப் பெற விற்பனையாளரின் மனமே வழி. கடனட்டையில் முறையிட வழியுண்டு, ஆனால் அதற்குக் காலவரம்பும் உண்டு. நீண்ட முன்பதிவுகளில் அவ்வரம்பு கடந்துவிடக்கூடும்.

மீளளிப்பு எந்த நாணயத்தில் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். கலிபோர்னியாவின் ஹாஷ்ஃபாஸ்ட் 2013 ஆகத்தில் பதிவு பெற்றபோது ஒரு பிட்காயின் சுமார் 100 டாலராக இருந்தது. ஆண்டிறுதிக்குள் அது 1,000 டாலரைத் தொட்டது. கருவி கிடைக்காதோர் செலுத்திய பிட்காயின்களையே கேட்டனர். நிறுவனமோ பழைய டாலர் மதிப்பையே தர முன்வந்தது. வழக்குகள் எழுந்தன. 2014 மே மாதத்தில் கடன் கொடுத்தோர் நிறுவனத்தின்மீது நொடிப்பு மனு தாக்கல் செய்தனர்.

போலித் தளங்கள்

கருவியே இல்லாமல், பிட்மெயின் போன்ற அறியப்பட்ட உற்பத்தியாளரின் பெயரில் ஓரெழுத்தை மாற்றி அமைக்கப்படும் தளங்கள் வேறு வகை. சந்தை விலையில் பாதி, நாணயமாக மட்டுமே கட்டணம், சில வாரங்களுக்கு முன் பதியப்பட்ட தளப்பெயர் ஆகியவை இவற்றின் பொது இயல்புகள். தளப்பெயர் பதிவான நாளை ஹூயிஸ் பதிவேட்டில் எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம்.