பல் வரிசைக்கும் ஒரு வயது உண்டு

ஒன்றாம், இரண்டாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களுக்கு இது பழகிய காட்சி. பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு குழந்தை எழுந்து வந்து, மூடிய கையை நம் முன்னால் விரிக்கும். "டீச்சர், பல்லு விழுந்துருச்சு!" உள்ளங்கையில் அரிசி மணி போல ஒரு பால் பல் இருக்கும். நாமும் அதைக் காகிதத்தில் மடித்துப் பையில் வைத்து அனுப்புகிறோம். அந்த 6 வயதிலிருந்து 13 வயது வரை குழந்தையின் வாயில் நடக்கும் மாற்றங்கள் பெரும்பாலும் நம் கண் முன்னால்தான் நடக்கின்றன. பல் மருத்துவர் ஆண்டுக்கு ஒரு முறை பார்த்தாலே பெரிது. நாம் ஆண்டுக்கு 200 நாள்களுக்கு மேல் பார்க்கிறோம்.

பற்கள் வரிசை மாறி முளைப்பது, மேல், கீழ்த் தாடைகள் பொருந்தாமல் இருப்பது, பல் எலும்புக்குள்ளேயே புதைந்து நின்றுவிடுவது என மூன்றையும் சரிசெய்ய முடியும். ஆனால் எந்த வயதில் கண்ணில் படுகிறது என்பதைப் பொறுத்துத்தான் சிகிச்சை எளிதாவதும் கடினமாவதும். "படிப்பு முடியட்டும், கல்யாணத்துக்கு முன்னாடி கம்பி கட்டிக்கலாம்" என்று சொல்லும் பெற்றோர் பலர். அதற்குள் தாடை வளர்ச்சி முடிந்திருக்கும். 12 வயதில் கழற்றி மாட்டும் ஒரு கருவியால் சரியாகியிருக்கக்கூடிய குறையை 20 வயதில் பற்களைப் பிடுங்கியோ, சிலருக்குத் தாடையிலேயே அறுவை சிகிச்சை செய்தோதான் சரிசெய்ய வேண்டிவரும்.

துண்டு போட்டுப் பிடித்த இடம்

பால் பற்கள் 20. ஏறக்குறைய 6 வயதில், அவற்றுக்கெல்லாம் பின்னால், தாடையின் கடைசியில் ஒரு பெரிய கடைவாய்ப்பல் முளைக்கிறது. இதற்காக எந்தப் பல்லும் விழுவதில்லை. அதனால் இது நிரந்தரப் பல் என்பதே பல வீடுகளில் தெரிவதில்லை. சொத்தை விழுந்தாலும் "விழுந்து முளைக்கிற பல்லுதானே" என்று விட்டுவிடுகிறார்கள். அது விழுந்து முளைக்காது. இன்று பல் சீரமைப்பு மருத்துவத்தில் எல்லோரும் பயன்படுத்தும் வகைப்பாட்டை 1899இல் அமெரிக்காவைச் சேர்ந்த எட்வர்ட் ஆங்கிள் வகுத்தபோது, இந்த முதல் கடைவாய்ப்பல்லைத்தான் அடிப்படையாக எடுத்துக்கொண்டார். மேல் கடைவாய்ப்பல்லும் கீழ்க் கடைவாய்ப்பல்லும் ஒன்றன்மீது ஒன்று எப்படி உட்காருகின்றன என்பதை வைத்து மூன்று வகையாகப் பிரித்தார்.

இதற்கு முன்னால் இருக்கும் பால் கடைவாய்ப்பற்கள் 10 முதல் 12 வயது வரை விழக் கூடாதவை. கூட்டமான பேருந்தில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அதே வேலையைத்தான் இந்தப் பால் பல் செய்கிறது. அடியில் வளர்ந்துகொண்டிருக்கும் நிரந்தரப் பல்லுக்கு அது இடம் பிடித்து வைத்திருக்கிறது. 7 வயதில் சொத்தையாகிப் பிடுங்கிவிட்டால் துண்டை எடுத்துவிட்டது போலத்தான். பின்னால் இருக்கும் கடைவாய்ப்பல் மெல்ல முன்னால் நகர்ந்து அந்த இடத்தில் உட்கார்ந்துவிடும். 11 வயதில் முளைக்க வேண்டிய பல் வழியில்லாமல் கோணலாக வரும், அல்லது எலும்புக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். பிடுங்க நேர்ந்தால் இடம் காக்கும் சிறு கம்பி வளையம் ஒன்றைப் பொருத்தலாம். கம்பி கட்டிக்கொள்ளும் நிலைக்கு வரும் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்குத் தொடக்கம், பள்ளி வாசலில் வாங்கிய மிட்டாயும் கவனிக்காமல் விட்ட சொத்தையும்தான் என்பது என் கருத்து.

பயப்பட வேண்டாதவை, விடக் கூடாதவை

மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் சிரிப்பில் மேல் முன்பற்கள் விசிறி போல விரிந்து, நடுவில் இடைவெளியுடன் தெரியும். பெற்றோர் கவலைப்படுவார்கள். பெரும்பாலும் இது இயல்பானது. மேலே வளர்ந்துவரும் கோரைப்பற்கள் முன்பற்களின் வேரை அழுத்துவதால் ஏற்படும் தோற்றம் இது. அவை இறங்கியதும் இடைவெளி தானாகக் குறையும். கீழ் முன்பற்கள் பால் பற்களுக்குப் பின்னால் இரண்டாம் வரிசையாக எட்டிப் பார்ப்பதும் 6, 7 வயதில் சாதாரணம். பால் பல் ஆடி விழுந்ததும் நாக்கே புதிய பல்லை முன்னால் தள்ளிவிடும்.

விடக் கூடாதவை வேறு. சாதாரணமாக மேல் வரிசை கீழ் வரிசையை டப்பா மூடி போல லேசாக வெளிப்புறம் மூடியிருக்க வேண்டும். ஒரு குழந்தைக்கு மேல் முன்பல் கீழ்ப் பல்லுக்கு உள்ளே போய்ப் பொருந்தினாலோ, வாயை மூடும்போது மோவாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டாலோ 7, 8 வயதிலேயே காட்ட வேண்டும். கீழ்த்தாடை துருத்திக்கொண்டு வரும் குழந்தைகளுக்கும் அப்படித்தான். மேல்தாடையை முன்னால் இழுக்கும் சிகிச்சை சின்ன வயதில்தான் நன்றாகப் பலன் தரும்.

கீழ்த்தாடை பின்தங்கி, மேல் முன்பற்கள் தூக்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு நேரம் சற்றுப் பிந்தி வருகிறது. திடீரென்று உயரமாகும் பருவத்தில், அதாவது பெண் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய 10 முதல் 12 வயதிலும், ஆண் பிள்ளைகளுக்கு 12 முதல் 14 வயதிலும், தாடை வளர்ச்சியைப் பயன்படுத்திக்கொள்ளும் கழற்றி மாட்டும் கருவிகள் உண்டு. சீருடை அளவு ஆண்டுக்கு ஆண்டு மாறுவதை முதலில் பார்ப்பவர்கள் நாம்தானே. அதுதான் இந்தச் சிகிச்சைக்கான காலம்.

தூக்கிய பற்களுக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. விளையாட்டில் விழும்போது முதலில் அடிபடுவது அவைதான். நிரந்தரப் பல் வேரோடு கழன்று விழுந்துவிட்டால், வேரைத் தொடாமல் வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுத்து, ஒரு டம்ளர் பாலில் போட்டு, முடிந்தால் ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் குழந்தையையும் பல்லையும் கொண்டுசேர்க்க வேண்டும். மறுபடி பொருத்த வாய்ப்பு உண்டு. பால் பல் என்றால் பொருத்த முயலக் கூடாது.

விழாத பால் பல்

எல்லாவற்றையும்விட எளிதாக நம் பார்வையிலிருந்து தப்புவது மேல் கோரைப்பல். கண்குழிக்குக் கீழே, தாடையில் மிக உயரத்தில் உருவாகி, நீண்ட தூரம் இறங்கிவந்து 11, 12 வயதில் முளைக்கிறது. வழி நீளம் என்பதால் தடம் மாறுவதும் அதிகம். அறிவுப்பல்லுக்கு அடுத்து அதிகமாகப் புதைந்து போவது இதுதான். 100 பேரில் ஓரிருவருக்கு இப்படி ஆகிறது. வெளியே எந்த வலியும் இருக்காது. பால் கோரைப்பல் விழாமல் அப்படியே நிற்கும், அவ்வளவுதான்.

எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த மாணவி ஒருத்திக்கு அப்படி ஒரு பல் இருந்தது. "எனக்கு மட்டும் இன்னும் பால் பல்லு இருக்கு டீச்சர்" என்று அவள் கொஞ்சம் பெருமையாகவே சொல்வாள். அரசு பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, நிரந்தரக் கோரைப்பல் அண்ணத்துக்குள் சாய்ந்து படுத்திருந்தது. அது முட்டிமுட்டிப் பக்கத்து முன்பல்லின் வேர் சிறிது கரைந்தும் இருந்தது. ஈறைத் திறந்து, புதைந்த பல்லில் சிறு கொக்கி ஒட்டி, மெல்லிய சங்கிலியால் கம்பியோடு இணைத்து மாதக்கணக்கில் இழுத்தார்கள். மொத்தச் சிகிச்சைக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. ஒவ்வொரு மாதமும் அவள் அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போனது.

10, 11 வயதில் கண்டுபிடித்திருந்தால், பெரும்பாலும் அந்தப் பால் கோரைப்பல்லைப் பிடுங்குவதே போதுமானதாக இருந்திருக்கும். சுவீடன் நாட்டுப் பல் மருத்துவர்கள் எரிக்சன், குரோல் இருவரும் 1988இல் வெளியிட்ட ஆய்வில், அண்ணப் பக்கம் தடம் மாறிய 46 கோரைப்பற்களில் 36, பால் பல்லைப் பிடுங்கிய பிறகு தாமாகவே சரியான தடத்துக்குத் திரும்பின. 9, 10 வயதுக் குழந்தையின் மேல் ஈறைத் தடவிப் பார்த்தே அந்தப் பல் வரும் வழியைப் பல் மருத்துவர் ஊகித்துவிடுவார். தடவிப் பார்ப்பது அவர் வேலை. ஏழாம், எட்டாம் வகுப்பில் ஒரு பக்கக் கோரைப்பல் முளைத்து மறு பக்கம் முளைக்காமல் ஆறு மாதம் ஆனால், அதைக் கவனித்துச் சொல்வது நம்மால் முடியும்.

எலும்பில் இருக்கும் பல் எப்படி நகரும்?

வகுப்பில் பற்சூத்திரம் நடத்தும்போது பிள்ளைகள் கேட்கும் நல்ல கேள்வி இது. பல் எலும்பில் ஆணி போல அடிக்கப்பட்டிருக்கவில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர் தடிமனில் நார்த்திசு ஒன்று இருக்கிறது. கம்பி பல்லை ஒரு பக்கம் தள்ளும்போது, அழுத்தம் விழும் பக்கத்து எலும்பைச் சில செல்கள் கரைக்கின்றன. இழுபடும் பக்கத்தில் வேறு செல்கள் புது எலும்பை உருவாக்குகின்றன. பல் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நகர்கிறது. 50, 100 கிராம் எடை அளவு விசையே பல சமயம் போதும். பலமாக இழுத்தால் வேகமாக நகரும் என்று நினைப்போம், ஆனால் அழுத்தம் மிகுந்தால் அங்கே ரத்த ஓட்டம் நின்று நகர்வு தாமதமாகிறது. வளைத்துக் கட்டினாலும் பழைய வடிவத்துக்கே திரும்பப் பார்க்கும் நிக்கல்-டைட்டானியம் கலவைக் கம்பி, மெல்லிய விசையைத் தொடர்ந்து கொடுப்பதால் இதற்குப் பயன்படுகிறது. உலோகக் கலவைகள் பாடத்துக்குக் கைக்கெட்டும் எடுத்துக்காட்டு.

வகுப்பறையில்

"எத்துப்பல்", "பல்லன்" என்ற பட்டப்பெயர்கள் நம் காதில் விழாமல் இருக்காது. கையால் வாயை மூடிச் சிரிக்கும் பிள்ளை, வாசிக்கச் சொன்னால் எழுந்திருக்கத் தயங்கும் பிள்ளை இவர்களைப் பற்றி முதலில் யோசிக்க வேண்டும். அந்தப் பெயரால் கூப்பிடுவது வகுப்பில் நடக்காது என்று ஒரு முறை உறுதியாகச் சொன்னாலே பாதி அடங்கிவிடும். நாமே விளையாட்டாகச் சொல்வதும் நிற்க வேண்டும். பெற்றோரிடம் பேசும்போது அழகைப் பற்றிப் பேசாமல், கடித்து மென்று சாப்பிட முடிகிறதா, துலக்க முடிகிறதா என்று கேட்டுத் தொடங்குவது நல்லது. பெண் குழந்தை என்றால் அழகு என்ற சொல் உடனே கல்யாணத்தில் போய் நிற்கும்.

வாயைத் திறக்கச் சொல்லி நாமே சோதிக்க வேண்டியதில்லை. சந்தேகம் உள்ள பிள்ளைகளின் பெயர்களைக் குறித்து வைத்திருந்து, ஆர்.பி.எஸ்.கே. நடமாடும் மருத்துவக் குழு பள்ளிக்கு வரும் நாளில் காட்டலாம். அவர்கள் மேல் சிகிச்சைக்குப் பரிந்துரைப்பார்கள். தனியார் மருத்துவமனைகளில் கம்பி கட்டப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை ஆகிய ஊர்களில் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன, அங்கே செலவு மிகக் குறைவு. கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும் என்பதையும் பெற்றோரிடம் முன்பே சொல்லிவிடலாம். பாதியில் நிறுத்துவதற்கு மாதாமாதம் போய்வர முடியாததும் ஒரு காரணம். அந்த நாளுக்கு விடுப்புத் தருவதில் தலைமையாசிரியர் தாராளமாக இருந்தால் பெரிய உதவி.

கம்பி கட்டிய முதல் சில நாள்கள் வலி இருக்கும். அண்ணத்தில் தகடு வைத்திருந்தால் ச, ஸ ஒலிகள் குழறும். தமிழாசிரியர்கள் ஒரு வாரம் பொறுக்கலாம். முறுக்கு, கடலை உருண்டை, கரும்பு ஆகாது. மதிய உணவுக்குப் பின் வாய் கொப்பளித்துத் துலக்க ஐந்து நிமிடம் வேண்டும், இல்லாவிட்டால் கம்பியைச் சுற்றியே சொத்தை வரும்.

கம்பியை எடுத்த பிறகும் வேலை முடிவதில்லை. நார்த்திசு புதிய இடத்துக்குப் பழக மாதக்கணக்கில் ஆகும். அதுவரை பல் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும். அதனால்தான் கழற்றி மாட்டும் தாங்கு தகடு ஒன்றைத் தருகிறார்கள். மதிய உணவு நேரத்தில் அதைக் கழற்றிக் காகிதத்தில் மடித்து வைத்துவிட்டு, எச்சில் இலையோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடும் பிள்ளைகள் உண்டு. சிறு டப்பா ஒன்று கொண்டுவரச் சொல்லி, சாப்பாட்டு நேரத்தில் நம் மேசைமேல் வைத்துக்கொள்ளலாம்.