கொடைக்கானல் சூரியப் படங்களின் எண்ணிமக் காப்பகம்

கொடைக்கானல் சூரியப் படங்களின் எண்ணிமக் காப்பகம் என்பது, பழனி மலைத்தொடரில் உள்ள கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் நூறாண்டுகளுக்கும் மேலாக எடுக்கப்பட்ட சூரியப் படங்களைக் கணினிக் கோப்புகளாக மாற்றி, சேமித்து, இணையம் வழியே பகிரும் தொகுப்பு ஆகும். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய வானியற்பியல் நிறுவனம் இதனைப் பேணி வருகின்றது. கடந்துபோன ஒரு நாளின் சூரியனை மீண்டும் படமெடுக்க இயலாது என்பதால், இக்கோப்புகளைச் சேமிக்கும் முறை தனிக் கவனத்துக்கு உரியதாகின்றது.

பின்னணி

1876-78 பெரும் பஞ்சத்துக்குப் பின், பருவமழைக்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி வலுப்பெற்றது. சென்னையில் இயங்கிய வானாய்வகத்தின் பணிகள் 1899-இல், 2343 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலுக்கு மாற்றப்பட்டன. வெள்ளொளியிலும் கால்சியம் கே ஒளியிலும் 1904 முதலும், ஐதரசன் ஆல்பா ஒளியில் 1912 முதலும் படங்கள் எடுக்கப்பட்டன. சூரியக் கரும்புள்ளிகளின் ஓரப்பகுதியில் வளிமம் வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்செட் 1909-இல் கண்டறிந்தது இங்குதான்.

கண்ணாடித் தட்டு உடையக்கூடியது; அதன் மேலுள்ள பூச்சு காலப்போக்கில் கெடும். ஆகவே ஒவ்வொரு தட்டும் சீரான ஒளியின் மீது வைக்கப்பட்டு, 4096 × 4096 படப்புள்ளிகள் கொண்ட படக்கருவியால் மீண்டும் படமாக்கப்பட்டது.

அளவு

ஒரு படப்புள்ளிக்கு 16 பிட், அதாவது 2 பைட் தேவை. எனவே ஒரு படம் ஏறத்தாழ 33.5 மெகாபைட். நாளொன்றுக்கு ஒரு படம் என நூறாண்டுகளுக்குக் கணக்கிட்டால் 36,500 படங்கள், சுமார் 1.2 டெராபைட். மூன்று ஒளிகளுக்கும் சேர்த்து 4 டெராபைட்டுக்குள் அடங்கும். கடையில் கிடைக்கும் ஒரே வன்தட்டில் ஒரு நூற்றாண்டுச் சூரியன் முழுவதும் அடங்கிவிடுகின்றது. அவ்வன்தட்டு ஒருநாள் பழுதாகும் என்பதே சிக்கல்.

வன்தட்டுகளை இணைத்தல்

இத்தகைய தொகுப்பின் படி ஒன்றை வைத்துக்கொள்ள விரும்பும் கல்லூரியோ மாணவரோ, பழைய கணினி ஒன்றில் பல வன்தட்டுகளைப் பொருத்தி, லினக்சு நிறுவி, வலையிணைச் சேமிப்பகம் ஒன்றைத் தாமே அமைக்கலாம். ரெய்டு 5 என்னும் முறையில் 4 டெராபைட் வன்தட்டுகள் நான்கினை இணைத்தால் 12 டெராபைட் பயன்படும். எஞ்சிய ஒரு தட்டின் அளவு சரிபார்ப்புப் பிட்டுகளுக்குச் செல்லும்.

மூன்று தட்டுகளில் ஓரிடத்தில் 1, 0, 1 என்று இருப்பின், 1-களின் எண்ணிக்கை இரட்டையாகுமாறு நான்காவதில் 0 எழுதப்படும். இரண்டாம் தட்டு பழுதானால் எஞ்சுபவை 1, 1, 0. இவற்றில் 1-கள் ஏற்கனவே இரட்டை. ஆகவே இழந்தது 0 எனத் தெரிந்துவிடும். (உண்மையில் சரிபார்ப்புப் பிட்டுகள் நான்கு தட்டுகளிலும் மாறிமாறி எழுதப்படும்.) புதிய தட்டைப் பொருத்தி இவ்வாறு நிரப்பப் பல மணி நேரம் ஆகும். அதற்குள் இன்னொரு தட்டும் பழுதானால் அனைத்தும் இழக்கப்படும்.

ரெய்டு காப்புப்படி அன்று. தவறுதலாக அழிக்கப்பட்ட கோப்பு நான்கு தட்டுகளிலிருந்தும் அந்நொடியே மறையும். ஐப்பசி மழைக்காலத்து இடிமின்னல் ஒரு பெட்டியைத் தாக்கினால் அதிலுள்ள எல்லாத் தட்டுகளும் போகக்கூடும். கொடைக்கானலில் ஒரு படி இருப்பின் மதுரையிலோ வேறு ஊரிலோ மற்றொன்று இருத்தல் வேண்டும்.

மலை உயரம்

வன்தட்டின் படிக்கும் முனை தட்டைத் தொடுவதில்லை. சுழற்சியால் எழும் காற்றுப் படலத்தின் மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கின்றது. உயரமான இடங்களில் காற்று மெலிவதால் முனை தட்டை நெருங்கும். பெரும்பாலான வன்தட்டுகளுக்கு உற்பத்தியாளர் குறிக்கும் எல்லை ஏறத்தாழ 3050 மீட்டர். கொடைக்கானல் அதற்குள் அடங்கும். இதே நிறுவனத்தின் ஆய்வகம் உள்ள, 4500 மீட்டர் உயரமான லடாக்கின் ஆன்லே அடங்காது. அங்கே சுழலும் பாகமற்ற திண்மநிலை நினைவகமே ஏற்றது. கொடைக்கானலில் அஞ்சவேண்டியது மூடுபனியின் ஈரத்தையும் மின்தடையையும்தான். குளிர்ந்த கருவியை ஈரமான அறையில் உடனே இயக்கலாகாது. தடையிலா மின்வழங்கி ஒன்றும் தேவை.

பகிர்தல்

விண்டோசு கணினிகளுக்குச் சம்பா மென்பொருள் வழியாகவும், யுனிக்சு வகைக் கணினிகளுக்கு என்.எப்.எஸ். வழியாகவும் கோப்புறைகளைப் பகிரலாம். மூலப்படங்கள் உள்ள கோப்புறை படிக்க மட்டும் திறந்திருக்க வேண்டும். பளிச்சென்று தெரிவதற்காக ஒளிர்வை மாற்றியவர் அதே பெயரில் சேமித்துவிட்டால், அளவிடத்தக்க ஒளிச்செறிவு அழிந்துவிடும். திருத்தங்களுக்கு வேறு கோப்புறை வைப்பதே முறை. வானியலில் வழங்கும் ஃபிட்ஸ் வடிவக் கோப்பின் தலைப்பில் தேதி, நேரம் முதலியன எழுதப்படும். கொடைக்கானலில் சூரிய ஒளியைத் தொலைநோக்கிக்குத் திருப்பும் ஆடியமைப்பில் பிம்பம் நேரத்தோடு சுழல்வதால், நேரம் பிழையானால் சூரியனின் வடக்குத் திசையும் பிழையாகும்.

நொடிக்கு 1 கிகாபிட் வேகமுள்ள உள்வலையில் ஒரு தொடரின் 1.2 டெராபைட்டைப் படியெடுக்க ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். நொடிக்கு 10 மெகாபிட் இணைய இணைப்பில் பதினோரு நாட்கள் ஆகும். மதுரைப் பேருந்தில் ஒரு வன்தட்டைக் கொடுத்தனுப்புவது அதைவிட விரைவு.

கால்சியம் கே ஒளியில் படத்தட்டுகள், படச்சுருள்களின் பயன்பாடு 2007-இல் நின்றது. 2008-இல் நிறுவப்பட்ட இரட்டைத் தொலைநோக்கி படங்களை நேரடியாக எண்ணிம வடிவிலேயே பதிவு செய்கின்றது. இப்படங்களுக்குக் கண்ணாடி மூலம் கிடையாது. கோப்புகள் மட்டுமே உள்ளன.