வரிச் சலுகை கோட்டையில், குப்பை தாம்பரத்தில்

தாம்பரத்தில் புதிய ஆலையோ ஐடி வளாகமோ கட்ட வரும் நிறுவனத்துக்கு வரிச் சலுகை அளிக்கும் அதிகாரம் மாநகராட்சி மாமன்றத்துக்கு அநேகமாக இல்லை. அமெரிக்காவில் நகர மன்றங்களே சொத்து வரியைப் பல ஆண்டுகளுக்குக் குறைத்து நிறுவனங்களை அழைக்கின்றன. அமேசானின் இரண்டாவது தலைமையகத்துக்காக 2017இல் 238 விண்ணப்பங்கள் போயின. தமிழ்நாட்டில் அந்தப் பேரம் மாநில அரசோடுதான். முதலீட்டாளருடன் பேசுவது அரசின் ‘கைடன்ஸ்’ நிறுவனம். பெரிய திட்டங்களுக்கு அமைச்சரவை ஒப்புதல் தருகிறது. முத்திரைத் தீர்வை விலக்கு, மின்சார வரி விலக்கு, மூலதன மானியம் எல்லாம் அங்கேதான் முடிவாகின்றன.

இதற்குத் தாம்பரத்திலேயே பழைய உதாரணம் மெப்ஸ். சானடோரியம் அருகே ஜிஎஸ்டி சாலையை ஒட்டி 1984இல் ஏற்றுமதி மண்டலமாகத் தொடங்கியது. 2003இல் சிறப்புப் பொருளாதார மண்டலமானது. சுங்க வரி விலக்கும், ஏற்றுமதி லாபத்துக்கு முதல் ஐந்தாண்டு முழு வருமான வரி விலக்கும், அடுத்த ஐந்தாண்டு பாதி விலக்கும் டெல்லி கொடுத்தவை. புதிய நிறுவனங்களுக்கு அந்த வருமான வரிச் சலுகை 2020இல் முடிந்தது. இதில் எதுவும் அப்போதைய நகராட்சியின் தீர்மானம் அல்ல. ஆனால் ஷிஃப்ட் முடிந்து தொழிலாளர்கள் நடந்துபோகும் தெரு, அவர்கள் வாடகைக்கு இருக்கும் வீடுகளின் குப்பை, அங்கே எரிய வேண்டிய தெருவிளக்கு எல்லாம் உள்ளாட்சியின் தலையில்தான். சலுகை ஓரிடத்தில், செலவு வேறிடத்தில் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் பெரிய குறை.

ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து 2021 நவம்பரில் உருவான இந்த 70 வார்டு மாநகராட்சிக்கு ஒரு புதிய நிறுவனத்திடமிருந்து முக்கியமாக வருவது சொத்து வரியும் தொழில் வரியும். தொழில் வரியை ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்க அரசியலமைப்பு விடுவதில்லை. 1988இல் வைத்த அந்த உச்சவரம்பு இன்னும் உயரவில்லை. ஆயிரம் பேர் வேலை செய்தாலும் 25 லட்சத்தைத் தாண்டாது. ஆக, சொத்து வரிதான் ஆதாரம். அதிலும் மாமன்றத்தின் கை கட்டப்பட்டே இருக்கிறது. 2022இல் வணிகக் கட்டடங்களுக்கு 100 சதவீதமும் தொழிற்சாலைகளுக்கு 75 சதவீதமும் உயர்த்தும்படி அரசு சொன்னது. மன்றங்கள் தீர்மானம் போட்டன. சொத்து வரியைச் சீரமைத்தால்தான் மானியம் என்று 15ஆவது நிதிக்குழு விதித்த நிபந்தனையும் பின்னால் இருந்தது.

மாநகராட்சி அலுவலகத்தில் கிடைக்கும் தள்ளுபடி ஒன்றே ஒன்று: அரையாண்டின் முதல் 30 நாளுக்குள் சொத்து வரி கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய். சிட்லபாக்கத்துச் சின்ன வீட்டுக்காரருக்கு அது உதவும். ஐடி வளாகத்துக்கு அது பொருட்டே இல்லை.

தாம்பரத்துக்கு இன்னொரு சுமையும் உண்டு. விமானப்படைத் தளம், ரயில்வே பணிமனை போன்ற மத்திய அரசுச் சொத்துகளுக்கு அரசியலமைப்பின் 285ஆவது பிரிவுப்படி சொத்து வரி கிடையாது. அதற்கு ஈடாகச் சேவைக் கட்டணம் வாங்கலாம். எல்லா வசதிகளையும் பயன்படுத்தினால் சொத்து வரியில் 75 சதவீதம், ஓரளவு என்றால் 50, எதையும் பயன்படுத்தாவிட்டால் 33⅓ என்ற கணக்கை 2009இல் உச்ச நீதிமன்றம் ராஜ்கோட் மாநகராட்சி வழக்கில் உறுதிசெய்தது. இந்தக் கட்டணத்தைக் கணக்கிட்டுக் கேட்டு வாங்க மாமன்றம் கோட்டையின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.