லயத்துக் கதையும் தாயக்கட்டையும்: எளிய விதிகளாலான பாத்திரமேற்பு ஆட்டத்தைத் தொடங்கும் முறை

மேசையைச் சுற்றி நால்வரோ ஐவரோ அமர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தராகப் பேசி, ஒரே கதையைக் கூடி வளர்க்கும் விளையாட்டைப் பாத்திரமேற்பு ஆட்டம் என இங்குக் குறிக்கிறோம். இதற்கு மேடை தேவையில்லை. மனனம் செய்த உரையாடலும் இல்லை. நடுவர் ஒருவர் சூழலை விளக்கி, 'நீ இப்போது என்ன செய்வாய்?' என வினவுவார். ஏனையோர் தத்தம் பாத்திரத்தின் குரலில் விடையளிப்பர். முடிவு ஐயத்திற்குரியதாகும்போது மட்டுமே பகடை உருளும்.

இவ்வாட்டத்தின் வேர் போர்ப்பயிற்சியில் உள்ளது. பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824இல் வெளியிட்ட போர் விளையாட்டு, விதிகளும் அட்டவணைகளும் மிகுந்தது. அச்சுமை தாளாமல், பட்டறிவுடைய நடுவரின் தீர்ப்பே போதும் என 1876இல் வெர்டி டு வெர்னுவா வாதிட்டார். எச். ஜி. வெல்ஸ் 1913இல் பொம்மைப் படைவீரர்களைக் கொண்டு வீட்டுத் தரையில் ஆடும் எளிய ஆட்டத்தை நூலாக்கினார். 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரின் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளிவந்தபின், படையை நகர்த்தியவர் தனியொரு மாந்தராகவே பேசத் தொடங்கினார். விதிகள் பின்னர்ப் பெருகின. அவற்றைக் குறைக்கும் முயற்சிகளும் உடன் தோன்றின.

தமிழருக்கு இது முற்றிலும் புதிதன்று. மணலில் சிற்றில் இழைத்துச் சிறுசோறு சமைத்து விளையாடும் சிறுமியரைச் சங்க இலக்கியம் காட்டும். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் சிற்றிற் பருவத்தில், மணல்வீட்டை அழிக்க வேண்டா என இறைஞ்சும் சிறுமியராகப் புலவரே பாத்திரமேற்கிறார். சொப்பும் மரப்பாச்சியும் சிற்றுருவங்களே அல்லவா? இவ்விளையாட்டில் இல்லாதவை இரண்டே: நடுவர், தற்செயல். அவ்விரண்டையும் சேர்த்துக்கொண்டால் வகுப்பறைக்கேற்ற ஆட்டம் கிடைத்துவிடும்.

செகிஞ்சான் என்றவுடன் நெல்வயல்களே நினைவுக்கு வரும். அங்கிருந்து தெற்கே தஞ்சோங் காராங்கைக் கடந்து கோலசிலாங்கூர் மாவட்டத்தின் உட்பகுதிக்குள் சென்றால் தோட்டங்கள். மலேசியாவில் வணிக நோக்கிலான செம்பனைப் பயிரீடு 1917இல் தொடங்கியது அங்குள்ள தென்னமரம் தோட்டத்தில்தான். தோட்டத்தின் பெயரிலேயே தமிழ் நிற்கிறது. ரப்பர் குறைந்து செம்பனை மிகுந்ததாலும், குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்ததாலும், பெரட்டு, மங்கு, ஆயாக்கொட்டகை போன்ற சொற்கள் மாணவரின் நாவிலிருந்து நீங்கி வருகின்றன. பொருள் விளக்கப் பட்டியலில் கற்பித்தால் அவை தேர்வோடு மறையும். அச்சொல் இல்லாமல் கதை நகராது என்னும் நிலையில் மாணவன் அதைத் தேடிப் பெறுகிறான். இவ்வாட்டத்தை நாம் பரிந்துரைப்பதற்கு இதுவே முதற்காரணம்.

கருவிகள் எளியவை. தீப்பெட்டிகளை அடுக்கினால் லயம், ரப்பர் கொட்டைகள் மரங்கள், புளியங்கொட்டைகள் மாந்தர். பகடைக்கு இரண்டு தாயக்கட்டைகள். ஒவ்வொரு கட்டையிலும் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகளும் ஒரு வெற்றுமுகமும் உள்ளன. தாய ஆட்டத்தில் இரு வெற்றுமுகங்களைப் பன்னிரண்டாகக் கொள்வதுண்டு. இங்கே அது சுழியே. கூட்டுத்தொகை 0 முதல் 2 வரை எனில் முயற்சி தவறும். 3 எனில் ஏதேனும் ஓர் இழப்போடு கைகூடும். 4 அல்லது அதற்கு மேல் எனில் முழு வெற்றி. விழக்கூடிய 16 வகைகளில் இவற்றுக்குரியவை முறையே 6, 4, 6. பாத்திரத்திற்கு ஒரே ஒரு கைத்திறன் குறிக்கப்படும். செயல் அத்திறனுக்குரியதாயின் ஒன்று கூட்டுக. அப்போது முழு வெற்றிக்கு 10, இழப்போடு கைகூடலுக்கு 3, தோல்விக்கு 3 என மாறும். விதிகள் இவ்வளவே. இவற்றை விளக்க ஐந்து நிமிடம் மிகை.

தொடக்கக் காட்சியாக விடியற்காலைப் பெரட்டை வைத்துக்கொள்ளலாம். இரவெல்லாம் மழை. பட்டை ஈரமாக இருந்தால் பால் கோட்டில் ஓடாமல் மரத்தில் வழிந்து வீணாகும். வெட்டு இல்லையெனில் அன்றைய வருமானம் இல்லை. வானத்தைக் கணிப்பது கங்காணியின் திறன்; பேரேடு கிராணியின் திறன். பால்வெட்டும் பெண்ணின் குழந்தைக்குக் காய்ச்சல்; ஆயாக்கொட்டகையில் ஏற்பார்களா? 'அண்ணே, இன்னும் அரைமணி பொறுத்துப் பார்க்கலாமா?' என அவள் கேட்கும் அந்நொடியில் ஆட்டம் தொடங்கிவிடுகிறது. கங்காணி இசையலாம், மறுக்கலாம். வானம் வெளுக்குமா என்பதை மட்டும் கட்டை சொல்லட்டும். மூன்று விழுந்தால் மழை விடும், ஆனால் வெட்டு பிந்தும். அதனால் யாருக்கு என்ன இழப்பு என்பதை மாணவரே கூற வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. துரையின் பாத்திரத்தை மாணவரிடம் கொடுப்பதை நாம் விரும்பவில்லை. அதட்டுவதில் உள்ள இன்பம் விரைவில் தொற்றிக்கொள்ளும், எஞ்சியோர் வாய்மூடிவிடுவர். துரை நடுவரிடமே இருக்கட்டும். நடுவரான ஆசிரியரும் இடையில் புகுந்து வரலாற்று உரை நிகழ்த்தலாகாது. ஒவ்வொரு காட்சியையும் கண்ணீரில் முடிக்கவும் வேண்டா. லயத்தில் திருவிழாவும் கேலியும் காதலும் இருந்தன.

நாற்பது நிமிடம் ஆடியபின், மாணவர் தம் பாத்திரத்தின் குரலில் ஒரு பக்கக் கடிதம் எழுதலாம். அதில் வரும் தோட்டச் சொற்களை வீட்டிலுள்ள பாட்டியிடமோ தாத்தாவிடமோ காட்டித் திருத்தி வருமாறு பணிக்கலாம். பாட்டி வேறு சொல் சொன்னால், அதையே தீப்பெட்டியின் அடிப்புறத்தில் எழுதி அடுத்த வார ஆட்டத்தில் வைக்கலாம்.