மீன் தொட்டியில் ஓட்டை போட்டாச்சு... ஒழுகாமல் ஃபிட்டிங் மாட்டுவது எப்படி?

திண்டுக்கல்லில் ஹார்டுவேர் கடைக்குப் போய் ‘பல்க்ஹெட்’ என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். ‘டேங்க் நிப்பிள்’ என்றால் உடனே எடுத்து வைப்பார்கள். மொட்டை மாடி சின்டெக்ஸ் தொட்டியில் குழாய் இறங்குகிற இடத்தில் இருக்குமே, அதேதான். சம்ப் வைத்த மீன் தொட்டியிலும் தண்ணீர் இதன் வழியாகத்தான் கீழே இறங்குகிறது.

சிக்கல் என்னவென்றால், சின்டெக்ஸில் மாட்டிப் பழகிய கை கண்ணாடிக்கு ஆகாது. பிளாஸ்டிக் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். கண்ணாடி வளையாது, விரிசல் விடும். 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டியில் சுமார் 190 லிட்டர் பிடிக்கும். வாடகை வீட்டு மாடியில் அது ராத்திரியோடு ராத்திரியாக இறங்கினால் மீன் மட்டுமல்ல, கீழ் வீட்டுக்காரரோடு இருக்கிற நல்ல உறவும் போய்விடும்.

ஓட்டைக்கு முன்னால் ஃபிட்டிங்கை வாங்குங்கள். ‘1 இன்ச்’ என்பது உள்ளே போகும் குழாயின் அளவு. மரையின் வெளி விட்டம் அதைவிட நிறையவே அதிகம். அதை அளந்து, ஓரிரு மில்லிமீட்டர் கூடுதலாகத் துளை போட வேண்டும். துளைக்கும் கண்ணாடி விளிம்புக்கும் நடுவில் குறைந்தது ஒரு துளை அகலமாவது இடம் விடணும். டஃபன்டு கண்ணாடி என்றால் டிரில்லையே எடுக்காதீர்கள், மொத்தமும் நொறுங்கிவிடும்.

வாஷர் எந்தப் பக்கம்?

பெரும்பாலான ஒழுகலுக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. ரப்பர் வாஷர், ஃபிட்டிங்கின் அகன்ற தலைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் உட்கார வேண்டும். நட் பக்கம் அல்ல. நட் சுற்றும்போது ரப்பரும் கூடவே முறுக்கிக்கொண்டு மடங்கும்; தண்ணீர் மரை வழியாக நழுவி வந்துவிடும். தலை தொட்டிக்கு உள்ளே, நட் வெளியே என்பதுதான் வழக்கம். மாட்டும் முன் கண்ணாடியையும் ரப்பரையும் துடைத்துவிடுங்கள். ஒரு மணல் துகள் போதும், ஒழுக.

கையால் இறுகும் வரை சுற்றி, அதற்கு மேல் கால் சுற்று. அவ்வளவுதான். சில ஃபிட்டிங்குகளில் நட் எதிர்த் திசையில் சுற்றும், பார்த்துக்கொள்ளுங்கள். “இன்னும் ரெண்டு சுத்து வெச்சிரலாம்ணே” என்று பிளம்பர் ரெஞ்சை எடுத்தால் தடுத்துவிடுங்கள். ஸ்கூட்டர் டயரில் சுமார் 30 பிஎஸ்ஐ காற்று இருக்கிறது. 45 சென்டிமீட்டர் ஆழத் தண்ணீரின் அழுத்தம் அடிமட்டத்திலேயே 0.65 பிஎஸ்ஐயைத் தாண்டாது. இதைத் தடுக்க முரட்டு பலம் எதற்கு?

வாஷரில் சிலிக்கான் தடவுவது இன்னொரு பழக்கம். ஈரமாக இருக்கும்போது அது வழுக்கி, ரப்பரை வெளியே பிதுக்கிவிடும். பிறகு கழற்றுவதும் பெரிய பாடு. டெஃப்லான் டேப்பும் நட் போகிற மரைக்கு வேண்டாம். ஃபிட்டிங்குக்குள் திருகும் குழாய் மரைக்கு மட்டும் ஓரிரு சுற்று போதும்.

குழாயின் எடை ஃபிட்டிங்கில் தொங்கக் கூடாது, ஸ்டாண்டில் கிளாம்ப் போட்டு நிறுத்துங்கள். ஒரு யூனியனும் சேர்த்துவிட்டால் கழுவும்போது குழாயை அறுக்க வேண்டியதில்லை. கரன்ட் போய் மோட்டார் நின்றால் மேல் தொட்டியிலிருந்து கொஞ்சம் தண்ணீர் சம்ப்புக்கு இறங்கும். அதற்கு சம்ப்பில் இடம் விடாதவர்கள் “ஃபிட்டிங் ஒழுகுது” என்று அதன்மேல் பழி போடுவதும் உண்டு.

மீன் விடும் முன்...

தொட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பி, ஃபிட்டிங்குக்குக் கீழே டிஷ்யூ பேப்பர் வைத்து ஒரு நாள் முழுக்க விடுங்கள். நொடிக்கு ஒரு சொட்டு என்றால்கூட ஒரு நாளில் 4 லிட்டருக்கு மேல். சொட்டினால் மேலும் இறுக்க வேண்டாம். தண்ணீரை இறக்கி, கழற்றி, துடைத்து, வாஷரைத் திருப்பிப் பாருங்கள். மடிப்போ வெட்டோ இருந்தால் புதுசு போடுங்கள்.

போர் தண்ணீர் ஊற்றுபவர்களுக்கு இன்னொரு அடையாளமும் கிடைக்கும். கண்ணுக்குத் தெரியாத கசிவு காய்ந்ததும் நட்டைச் சுற்றி வெள்ளையாக உப்புக் கறை படியும். மாதம் ஒருமுறை போன் டார்ச்சை அடித்துப் பார்த்தால் போதும்.