‘இல்லை’ என்பதும் ‘கண்டறியப்படவில்லை’ என்பதும்: சூழல் அறிவியல் இதழில் அளவீட்டை விளக்கும் முறை

முன்னுரை

நீர், காற்று, காடு, வேளாண்மை ஆகியவற்றைப் பற்றி எழுதுவதனால் மட்டும் ஓர் இதழ் சூழல் அறிவியல் இதழ் ஆகிவிடாது. ஒரு முடிவு எவ்வாறு பெறப்பட்டது, அது எதனை நிறுவுகிறது, எதனை நிறுவவில்லை என்பவற்றை வாசகர் உணருமாறு கூறும்போதே அவ்விதழ் அறிவியல் இதழாகிறது. ‘டவுன் டு எர்த்’ இதழையும் அதனோடு தொடர்புடைய ஆய்வகத்தையும் சான்றாகக் கொண்டு இக்கருத்தை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதழும் ஆய்வகமும்

அனில் அகர்வால் 1980இல் புதுதில்லியில் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்தை நிறுவினார். இந்தியச் சூழலின் நிலை குறித்த முதல் குடிமக்கள் அறிக்கையை இம்மையம் 1982இல் வெளியிட்டது. ரியோ புவி உச்சிமாநாடு நடைபெற்ற 1992இல் ‘டவுன் டு எர்த்’ மாதமிருமுறை ஆங்கில இதழாகத் தொடங்கப்பட்டது. மையம் பின்னர் மாசு கண்காணிப்பு ஆய்வகம் ஒன்றையும் அமைத்தது. இதனால், பிறருடைய ஆய்வுகளைச் செய்தியாக்குவதோடு அமையாமல், ஆய்வகத்தில் பெறப்பட்ட நேரடிச் சான்றுகளையும் வெளியிடும் வாய்ப்பு இதழுக்குக் கிட்டியது.

கண்டறியும் வரம்பு

2003 பிப்ரவரியில் தில்லிப் பகுதியின் 17, மும்பைப் பகுதியின் 13 புட்டிக் குடிநீர் வகைகளின் சோதனை முடிவுகளை மையம் வெளியிட்டது. லிண்டேன், டி.டி.டி., மாலத்தியான், குளோர்பைரிபாஸ் முதலிய பூச்சிக்கொல்லிகளின் எச்சங்கள் அவற்றுள் காணப்பட்டன. அக்காலத்து இந்தியத் தரவிதி, எச்சம் ‘கண்டறியும் வரம்புக்குக் கீழ்’ இருத்தல் வேண்டும் என்றே கூறியது. எண் எதனையும் குறிக்கவில்லை.

மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இவ்விதி கடுமையானதாகத் தோன்றும். உண்மையில் அதன் கடுமை, பயன்படுத்தப்படும் சோதனை முறையின் நுண்மையைப் பொறுத்தது. ஒரு லிட்டரில் 1 மைக்ரோகிராமுக்குக் குறைவானதை உணராத முறை ஒன்றைக் கருதுவோம். நீரில் 0.9 மைக்ரோகிராம் எச்சம் இருப்பினும் அம்முறை ‘கண்டறியப்படவில்லை’ என்றே முடிவு தரும். ஐரோப்பிய வரம்போ ஒரு பூச்சிக்கொல்லிக்கு 0.1 மைக்ரோகிராம். அதாவது, அவ்வரம்பைப் போல ஒன்பது மடங்கு எச்சமுள்ள நீரும் விதிக்கு உட்பட்டதாகிவிடும்.

பின்னர்த் தரவிதி திருத்தப்பட்டது. தனி எச்சத்திற்கு லிட்டருக்கு 0.0001 மில்லிகிராம், மொத்த எச்சத்திற்கு 0.0005 மில்லிகிராம் என்னும் வரம்புகள் 2004 சனவரியில் நடைமுறைக்கு வந்தன. சொல்லால் அமைந்த விதி எண்ணால் அமைந்த விதியாயிற்று.

மறுசோதனைக்கு இடமளித்தல்

2003 ஆகஸ்டில் 12 குளிர்பான வகைகளின் சோதனை முடிவுகள் வெளிவந்தபோது எதிர்ப்பு எழுந்தது. சரத் பவார் தலைமையில் நாடாளுமன்றக் கூட்டுக்குழு அமைக்கப்பட்டது. அரசு ஆய்வகங்களும் எச்சங்களைக் கண்டறிந்தன. அளவுகள் மட்டும் வேறுபட்டன. தயாரிப்புத் தொகுதிதோறும் மாறக்கூடிய பொருளில் இத்தகைய வேறுபாடு இயல்பானதே. 2004 பிப்ரவரியில் அளிக்கப்பட்ட குழுவின் அறிக்கை, எச்சங்கள் குறித்த மையத்தின் முடிவை ஏற்றது. சோதனை முறை வெளிப்படையாகக் கூறப்பட்டிருந்தமையால்தான் விவாதம் குற்றச்சாட்டு, மறுப்பு என்ற அளவில் நின்றுவிடாமல் சோதனைக்குரிய வினாவாக மாறியது.

எச்சமும் காரணமும்

கேரளத்தின் காசர்கோடு மாவட்ட முந்திரித் தோட்டங்களில் எண்டோசல்பான் பல்லாண்டுகள் வான்வழியே தெளிக்கப்பட்டது. அங்குள்ள பத்ரே கிராமத்தின் நீர், மண், மனிதக் குருதி முதலியவற்றில் அதன் எச்சம் இருப்பதை 2001இல் இதழ் வெளிப்படுத்தியது. குருதியில் எச்சம் இருப்பது நஞ்சுக்கு ஆட்பட்டமையைக் காட்டும். நோய்க்கு அதுவே காரணம் என்பதைத் தனித்து நிறுவாது. அதற்கு ஒப்பீட்டு ஆய்வு வேண்டும். அகமதாபாத் தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம் பத்ரேயின் குழந்தைகளை, தெளிப்புக்கு உட்படாத பகுதியின் குழந்தைகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்தது. இதழ் எழுப்பிய வினா, நலவாழ்வு ஆய்வால் அடுத்த படிக்குச் சென்றது. 2011இல் உச்ச நீதிமன்றம் எண்டோசல்பானுக்குத் தடை விதித்தது.

முடிவுரை

தமிழில் சூழல் அறிவியல் இதழ் நடத்துவோர் அனைவருக்கும் ஆய்வகம் வாய்ப்பது அரிது. சொல்லாட்சியில் துல்லியம் பேணுவது அனைவருக்கும் இயலும். ஆய்வறிக்கை ‘கண்டறியப்படவில்லை’ என்று கூறுவதைத் தமிழாக்கத்தில் ‘இல்லை’ என எழுதினால், கருவியின் எல்லை பொருளின் தூய்மையாகத் திரிந்துவிடும். ‘எச்சம் உள்ளது’ என்பதை ‘நோயை உண்டாக்கியது’ என எழுதினால் சான்று தாங்காத சுமை அதன்மேல் ஏற்றப்படும். முன்னது மாசுபடுத்துவோர்க்குத் துணையாகும். பின்னது பாதிக்கப்பட்டோரின் வழக்கை எளிதில் மறுக்கத்தக்கதாக்கும். எனவே, தமிழ்ச் சூழல் இதழ்களை ஆராய்வோர் அவை எடுத்துரைக்கும் பொருளோடு, அளவு, முறை, வரம்பு ஆகியவற்றை அவை எவ்வாறு மொழிப்படுத்துகின்றன என்பதையும் ஆய்வுக்களமாகக் கொள்வது பயன்தரும்.