பாக்குக் குலையைக் காத்த நீல மருந்து

கர்நாடகத்தின் மலைநாட்டில் பாக்குத் தோட்டங்கள் நிறைய. ஜூன் மாதம் மழை பிடித்தால் அங்கே எளிதில் விடாது. மழையோடு ஒரு நோயும் வரும். பச்சைக் காயின் காம்புப் பக்கம் நீர் கோத்தது போல் கறை விழும். பிறகு வெள்ளையாகப் பூசணம் படரும். காய்கள் பொலபொலவென்று உதிரும். ஒரு வருட உழைப்பு மரத்தடியில் அழுகிக் கிடக்கும். கன்னடத்தில் இதைக் 'கொளெ ரோகம்' என்பார்கள். கொளெ என்றால் அழுகல்.

தோட்டக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. மழைக்கு முன்பே மரமேறி, குலைகளுக்கு மூடி கட்டினார்கள். குலை நனையாவிட்டால் காய் அழுகாது. இது அனுபவம் தந்த அறிவு. ஆனால் மரத்துக்கு மரம் ஏறி மூடி கட்டுவது லேசான வேலையா?

1908-இல் லெஸ்லி கோல்மன் என்ற விஞ்ஞானி பெங்களூர் வந்தார். அவர் கனடா நாட்டுக்காரர். பயிர்களைத் தாக்கும் பூஞ்சைகளையும் பூச்சிகளையும் ஆராய மைசூர் அரசு அவரை வேலைக்கு வைத்தது. அவர் இந்த நோயை ஆராய்ந்து, 1910-இல் அறிக்கை வெளியிட்டார்.

நோய்க்குக் காரணம் 'பைட்டாப்தோரா' என்ற நுண்ணுயிர். அப்போது அதைப் பூஞ்சை என்றே நினைத்தார்கள். பூஞ்சை போல இருந்தாலும் அது தனி இனம் என்று இப்போது தெரியும். அதன் வித்துகள் நீரில் நீந்தும். மழைத்துளி தெறிக்கும்போது, காய்க்குக் காய் தாவும். மூடி கட்டிய குலை ஏன் தப்பியது என்று புரிகிறதா?

கோல்மன் சொன்ன மருந்து போர்டோ கலவை. இது பிரான்ஸ் நாட்டில் பிறந்தது. அங்கே வழிப்போக்கர்கள் திராட்சையைப் பறிக்காமல் இருக்க, பாதையோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்தார்கள். அந்தக் கொடிகளை மட்டும் நோய் தாக்கவில்லை! மில்லார்டே என்ற விஞ்ஞானி இதைக் கவனித்தார். 1885-இல் அதை மருந்தாக உலகுக்குச் சொன்னார்.

கோல்மன் பிறகு மைசூரின் வேளாண்மை இயக்குநர் ஆனார். பெங்களூர் ஹெப்பாலில் 1913-இல் விவசாயப் பள்ளி தொடங்கியது அவர் காலத்தில்தான்.

போர்டோ கலவை இன்றும் பயன்படுகிறது. ஒரு கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பை இன்னொரு 50 லிட்டரில் கரைக்க வேண்டும். பிறகு இரண்டையும் கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் கூடாது, பிளாஸ்டிக் நல்லது. கலவையில் ஒரு கத்தியை நனைத்துப் பாருங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு நீர் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் மருந்தே பயிரைக் கருக்கிவிடும்.

மழை தொடங்கும் முன்பே குலை நன்றாக நனையும்படி தெளிக்க வேண்டும். நோய் உள்ளே புகுந்த காயை இந்த மருந்து காப்பாற்றாது. சுமார் 40 நாள் கழித்து, மழை ஓய்ந்த நேரம் பார்த்து மறுபடி தெளிக்க வேண்டும். உதிர்ந்த காய்களைத் தோட்டத்தில் விடாமல் பொறுக்கி எரித்துவிட வேண்டும். அவற்றிலும் வித்துகள் இருக்கும்.